ஒரு தளத்துக்கு ஒரு முகவரி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ் இணையப் பக்கங்களைத் திரட்டும் நிரலைப் பராமரிப்பவன் நான். பல தளங்கள் ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ சேர்த்தும் சேர்க்காமலும், கைபேசிக்கென வேறொரு முகவரியிலும் அதே பக்கங்களையே தருகின்றன. நிரல் அவற்றை மூன்று தளங்களாக எண்ணி மூன்று முறை இறக்குகிறது. பாவம், சிறிய தளங்களின் சர்வர் திணறுகிறது. சர்வரின் இணைய எண்ணான ஐபி எண் ஒன்றுதானே என்று இணைத்துவிடவும் முடியாது. ஒரே எண்ணில் தொடர்பே இல்லாத பல தளங்கள் குடியிருக்கும். பக்கங்களை வரிக்கு வரி ஒப்பிட்டால் விளம்பரமும் தேதியும் மாறிக் கெடுக்கின்றன. ஆகவே சொற்றொடர்த் துண்டுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று கணிக்கிறோம். கணினி அறிஞர் ஆன்ட்ரே பிராடர் 1997இல் விளக்கிய வழி அது.

உரிமையாளர்கள் ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றுக்கு வருவோரைத் தானாகவே அதற்கு அனுப்பும் 301 என்னும் நிரந்தரத் திருப்பலை அமைத்தாலே போதும். செய்தித்தாள் தளங்கள் இதை முதலில் செய்ய வேண்டும்.

— கணினிப் பொறியாளர், கோவை