கராச்சியிலேயே தங்கிவிட்ட சிஸ்டர் ரூத் ஃபாவ் அவர்களுக்கு

மதிப்பிற்குரிய சிஸ்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர்ப் பக்கத்தில் தொழுநோய் ஆய்வாளராக நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2017 ஆகஸ்ட் 10 அன்று தாங்கள் காலமான பிறகு வந்த கட்டுரைகளைப் படித்தபோதுதான், 1961-இல் தொழுநோய் மருத்துவம் பயில எங்கள் வேலூருக்கு வந்திருந்தீர்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. நேரில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைக் காலம் கடந்து இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

உண்மையில் தாங்கள் இந்தியாவுக்கு வந்து பணியாற்ற வேண்டியவர். 1929-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்து, போரில் குண்டு விழுந்து வீட்டை இழந்து, சோவியத் வசமான கிழக்குப் பகுதியிலிருந்து எல்லை கடந்து மேற்கே வந்து மருத்துவம் படித்து, 1957-இல் மரியாவின் இருதயப் புதல்வியர் சபையில் சேர்ந்தீர்கள். சபை தங்களை இந்தியாவுக்குத்தான் அனுப்பியது. விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டதால் 1960 மார்ச் 8 அன்று கராச்சியில் இறங்கினீர்கள். அங்கேயே 57 ஆண்டுகள் வாழ்ந்தீர்கள். எங்களுக்கு வாய்க்காமல் போனதே என்று முதலில் வருந்தினேன். கராச்சியின் மெக்லியோட் சாலையைப் பற்றிப் படித்த பிறகு அந்த வருத்தம் போய்விட்டது.

தங்கள் சபையின் வரலாறும் எனக்குப் புதிது. பிரெஞ்சுப் புரட்சியில் துறவற சபைகள் தடை செய்யப்பட்ட 1790-ஆம் ஆண்டுவாக்கில் உருவான சபை என்பதால், அதன் சகோதரிகள் துறவு உடையோ முக்காடோ இன்றி மக்களோடு மக்களாகவே வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தாங்கள் சல்வார் கமீஸும் துப்பட்டாவும் அணிந்து, புகைப்படங்களில் அந்த ஊர்ப் பாட்டி ஒருவரைப் போலவே தெரிவதற்கு அதுதான் காரணம் என்று புரிந்துகொண்டேன். சபையை நிறுவியவர்களில் ஒருவரான அடெலெய்ட் அம்மையாரின் பெயரைத்தான் கராச்சியின் மேரி அடெலெய்ட் தொழுநோய் மையமும் தாங்கி நிற்கிறது.

நான் எழுத வந்த விஷயம் மெக்லியோட் சாலையில்தான் தொடங்குகிறது. ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தத் தொழுநோயாளர் குடியிருப்பில், மெக்சிகோவைச் சேர்ந்த பெரனிஸ் வர்காஸ் என்ற சகோதரி நடத்திவந்த சிறு மருந்தகத்துக்குத் தங்களை அழைத்துப் போயிருக்கிறார்கள். தங்கள் வயதையொத்த ஒரு பட்டாணிய இளைஞர், சேற்றிலும் அழுக்கிலும் கைகளையும் கால்களையும் ஊன்றித் தவழ்ந்து உள்ளே வந்தார். அந்தக் காட்சியைவிட, அப்படித் தவழ்ந்து வருவது இயல்பான காரியம் என்பதைப் போல அவர் வந்ததுதான் தங்களை உலுக்கியது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தேமலின் மீது பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வேன். நோயால் அங்கே உணர்ச்சி போய்விட்டதால், காட்டத் தெரியாமல் சிலர் திகைத்து உட்கார்ந்திருக்கும்போது என் கை நடுங்கும். இரண்டு ஆண்டுகளில் நடுக்கம் நின்றுவிட்டது. எங்கள் கிளினிக்குக்கு மாதந்தோறும் ஒரு பெரியவர் வருவார். காலில் ஆறாத புண். கால்விரல்களில் மூன்று இல்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்கும் மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்புக்கு அளவெடுக்க அவர் பாதத்தைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் நானே சுற்றிக் கோடு வரைந்திருக்கிறேன். தண்ணீரில் காலை ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லியும் அனுப்பியிருக்கிறேன். அத்தனை ஆண்டுகளும் அவர் மற்றவர்களோடு பெஞ்சில் உட்காராமல், வெளியே வேப்பமரத்தடியில்தான் காத்திருந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று யாரும் அழைக்கவும் இல்லை. அவர் அங்கே உட்காருவது எனக்கு இயல்பாகப் பட்டது, சிஸ்டர். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, தங்கள் சொற்களைப் படித்தபோதுதான் அந்த மரத்தடி என் கண்ணில் பட்டது.

தாங்கள் மட்டும் அதை இயல்பு என்று ஏற்க மறுத்தீர்கள். வேலூரில் பயிற்சி பெற்றுத் திரும்பி, தோல் மருத்துவர் ஜரீனா ஃபசல்பாய் அவர்களோடு சேர்ந்து வேலையைத் தொடங்கினீர்கள். 1963-இல் கராச்சியின் சதர் பகுதியில் மருத்துவமனைக்கு இடம் வாங்கினீர்கள். பெற்றோரே பயந்து குகையிலும் மாட்டுத் தொழுவத்திலும் ஒளித்துவைத்திருந்த பிள்ளைகளை மலைப்பகுதிகள் வரை தேடிப் போய் மீட்டீர்கள். உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டே நாடு முழுவதும் 157 மையங்களை நடத்தியதுதான் என் பார்வையில் தங்கள் பெரிய சாதனை; என்னைப் போன்ற களப்பணியாளர்களை நம்பிய மருத்துவர்கள் குறைவு. 1979-இல் பாகிஸ்தான் அரசு தங்களைத் தொழுநோய் ஆலோசகராக அமர்த்தியது. 1988-இல் குடியுரிமையும் தந்தது. 1996-இல் அங்கே தொழுநோய் கட்டுக்குள் வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற அந்த நிலையை இந்தியா 2005-இல்தான் எட்டியது.

விருதுகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஆனால் தங்கள் இறுதிச் சடங்கைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இஸ்லாமியக் குடியரசு ஒன்று, ஒரு கத்தோலிக்கச் சகோதரியின் பெட்டியில் தேசியக் கொடியைப் போர்த்தி, புனித பேட்ரிக் பேராலயத்திலிருந்து முழு அரசு மரியாதையுடன் கோரா கப்ரிஸ்தான் என்ற கிறிஸ்தவக் கல்லறைக்குக் கொண்டுபோனது. தொலைக்காட்சியில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, அழுகிறவர்களில் எத்தனை பேரின் கைகள் தங்கள் மருந்தால் பிழைத்தவையோ என்று எண்ணிக்கொண்டேன்.

இங்கே வேலை இன்னும் முடியவில்லை. 2023-இல்கூட இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. மருந்து இலவசம், ஆறு மாதமோ ஓர் ஆண்டோ கூட்டு மருந்து சாப்பிட்டால் முழுமையாகக் குணமாகிவிடும். ஆனாலும் தேமலை மறைத்து, நரம்பு கெட்டு, விரல் மடங்கிய பிறகு வருகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாகச் சேரும் பணியாளர்களுக்குப் பாடம் எடுக்க என்னை அவ்வப்போது அழைக்கிறார்கள். முன்பெல்லாம் தேமலின் படத்தைக் காட்டித்தான் தொடங்குவேன். இப்போது, அந்த இளைஞர் தவழ்ந்து வந்ததையும் தாங்கள் அதைப் பார்த்த விதத்தையும் முதலில் சொல்லிவிட்டு, உங்கள் கிளினிக்கில் நோயாளி எங்கே உட்காருகிறார் என்று பார்த்து வந்து சொல்லுங்கள் என்று அவர்களை அனுப்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
வேலூரிலிருந்து ஒரு முன்னாள் தொழுநோய் ஆய்வாளர்