நான்காவது ஆல்பம் எங்கே என்று கேட்பவர்களுக்கு

அமெரிக்க சோல் இசைப் பாடகர் டி’ஏஞ்சலோவின் ரசிகர்களுக்கு வணக்கம்.

2025 அக்டோபர் 14 அன்று அவர் காலமானார். வயது 51. புற்றுநோயோடு நெடுநாள் போராடினார் என்பதே குடும்பத்தினரின் அறிக்கை வந்த பிறகுதான் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியும். அந்த ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் ஓர் இசைவிழாவில் பாட ஒப்புக்கொண்டிருந்தவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் இடம் கொடுக்கவில்லை என்று விலகிக்கொண்டார். வெளியே தெரிந்த அறிகுறி அது ஒன்றுதான்.

செய்தி வந்த முதல் நாட்களில் நீங்கள் எழுதியதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். எந்த வயதில் எந்தப் பாட்டை முதலில் கேட்டீர்கள், யாருடைய கல்யாணத்தில் அதை ஒலிக்கவிட்டீர்கள், எந்தக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி அவர் மேடைக்கு வரும்வரை நடுநிசி தாண்டியும் காத்திருந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, துக்கத்தைப் பங்குபோட்டுக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற ஆறுதல் கிடைத்தது. பிறகு பேச்சு திசைமாறியது. நான்காவது ஆல்பம் எங்கே? புதிய பாடல்களில் வேலை நடக்கிறது என்று அவரோடு பணியாற்றிய இசைக்கலைஞர் ரஃபேல் சாதிக் 2024-இல் சொன்னாரே, அந்த ஒலிநாடாக்கள் இப்போது யார் கையில்? பாதியில் நின்றதை நண்பர்கள் முடித்துக் கொடுக்கக் கூடாதா? குரல் போதாத இடங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நிரப்பினால் என்ன? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது.

என் வேண்டுகோளை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்காதீர்கள். அந்த ஆல்பத்தை அவருடைய குடும்பத்திடமும் கேட்காதீர்கள், நண்பர்களிடமும் கேட்காதீர்கள், அவருடைய இசையை வெளியிட்ட ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு மனுப் போட்டும் கேட்காதீர்கள்.

இந்த மனிதரிடம் கேட்டுக் கேட்டு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். 2000 ஜனவரியில் அவருடைய இரண்டாவது ஆல்பம் ‘வூடூ’ வெளிவந்தது. அதில் ‘அன்டைட்டில்ட்’ பாட்டுக்கு எடுத்த காணொளியில் கறுப்புப் பின்னணி ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. சட்டையில்லாத உடம்போடு அவர் நின்று பாடுவார். கேமரா அவரைச் சுற்றி மெல்ல நகரும். அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவரோடு மேடையேறியவர்கள் சாதாரணக் கலைஞர்கள் இல்லை: டிரம்ஸில் குவெஸ்ட்லவ், பேஸ் கிட்டாரில் பினோ பல்லடினோ, டிரம்பெட்டில் ராய் ஹார்குரோவ். ஆனால் கூட்டத்திலிருந்து எழுந்த கூச்சல் ‘சட்டையைக் கழற்று’ என்பதுதான். சில இரவுகளில் முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே அது தொடங்கிவிடும். உடம்பு அந்தக் காணொளியில் இருந்தபடி இல்லையே என்ற கலக்கத்தில் அவர் மேடைக்கு வரத் தயங்கியதையும், நிகழ்ச்சிகள் தாமதமானதையும் குவெஸ்ட்லவ் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ரிச்மண்ட் நகரில், வர்ஜீனியாவில், பெந்தெகொஸ்தே போதகரின் மகனாகப் பிறந்து தேவாலயத்தில் பியானோ வாசித்து வளர்ந்த பிள்ளை அவர். முதல் ஆல்பமான ‘பிரவுன் ஷுகர்’-இல் பெரும்பாலான கருவிகளைத் தானே வாசித்தபோது வயது இருபது, இருபத்தொன்றுதான் இருக்கும். அப்படிப்பட்டவரைப் பார்க்க வந்தவர்கள் அவருடைய வயிற்றுத் தசையைப் பார்க்க வந்ததாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. சுற்றுப்பயணம் முடிந்ததும் அவர் ஒதுங்கிக்கொண்டார். குடி, வழக்கு, 2005-இல் உயிரையே வாங்கியிருக்கக்கூடிய கார் விபத்து என்று அதற்குப் பிறகு நடந்ததை இங்கே விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எல்லாவற்றுக்கும் ரசிகர்கள்தான் காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆனால் ஒரு கலைஞர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல் வேறொன்றைக் கேட்ட கூட்டம் அவரைக் காயப்படுத்தியது. அது அவர் வாழ்க்கையில் ஆவணமாகவே இருக்கிறது. இன்று நான்காவது ஆல்பத்தைக் கேட்பதிலும் எனக்கு அதே குரல்தான் கேட்கிறது.

அடுத்து, அவர் எப்படி வேலைசெய்தார் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ‘வூடூ’வின் பெரும்பகுதி நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில், கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் தனக்காகக் கட்டிய எலக்ட்ரிக் லேடி ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவானது. ஆண்டுக்கணக்கில் உருவானது. பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பார்கள், மணிக்கணக்கில் சேர்ந்து வாசிப்பார்கள், ஒலிப்பொறியாளர் ரஸ்ஸல் எலெவாடோ நாடாவை ஓடவிட்டிருப்பார். இயந்திரத்துக்கு இணையான துல்லியத்தில் வாசிப்பதே குவெஸ்ட்லவ் அதுவரை கட்டிக்காத்த பெருமை. அவரிடம் போய், குடித்தவன் தடுமாறுவதுபோல் வாசி, தாளத்துக்குப் பின்னால் போய் நில் என்று கேட்டார் டி’ஏஞ்சலோ. ஹிப்-ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லாவின் தாளங்களில் அவர்கள் இருவரும் மயங்கிக் கிடந்த காலம் அது.

நல்ல ஹெட்ஃபோனில் இன்று ஒருமுறை அந்த ஆல்பத்தைக் கேளுங்கள். டிரம்ஸ் ஒரு கணத்தைக் குறிக்கும். பேஸ் கிட்டார் அதே கணத்துக்கு ஒரு மயிரிழை தாமதித்து வந்து சேரும். அதற்கும் பின்னால், வருவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு வருவதுபோல் குரல் வரும். அந்தக் குரலும் தனிக்குரல் இல்லை. அவரே பல முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஓர் அடுக்கு கிசுகிசுக்கும், இன்னொன்று உச்சத்தில் இழுக்கும், வேறொன்று வார்த்தையைப் பாதியில் விழுங்கிவிடும். சொற்கள் புரியவில்லை என்று அப்போது குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த மயக்கம்தான் பாட்டு. இவ்வளவு தாமதம் போதும், இதற்கு மேல் போனால் பாட்டு குலைந்துவிடும் என்று முடிவெடுத்த காது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காது இப்போது இல்லை. எஞ்சிய நாடாக்களில் எந்தக் குரல் அடுக்கை அவர் வைத்திருப்பார், எதை அழித்திருப்பார் என்று யார் சொல்ல முடியும்? நெருங்கிய நண்பர்கள் ஊகிக்கலாம். ஊகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் அது அவருடைய தேர்வாகாது.

‘அன்டைட்டில்ட்’ எப்படி முடிகிறது என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஏழு நிமிடம் ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் நிற்கும்போது கத்தரித்ததுபோல் அறுந்துவிடும். மெல்லத் தேய்ந்து அடங்குவது கிடையாது, நிறைவான கடைசி ஸ்வரம் கிடையாது. எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை அவர் நம் கணக்கில் தீர்மானித்ததே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செயற்கைக் குரல் கேட்பவர்களுக்குத் தனியாக ஒன்று. மூன்றாவது ஆல்பமான ‘பிளாக் மெசாயா’வோடு வந்த குறிப்பை எடுத்துப் படியுங்கள். இந்தப் பதிவில் டிஜிட்டல் பிளக்-இன் (ஒலியை மாற்றும் கணினி மென்பொருள்) எதையும் பயன்படுத்தவில்லை, ஒலிப்பதிவு முதல் கலவை வரை எல்லாமே நாடாவிலும் பெரும்பாலும் பழைய கருவிகளிலும் செய்யப்பட்டவை என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். வெளியான ஆண்டு 2014. கணினியில் அரை நாளில் முடியும் வேலையை நாடாவை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் செய்தவரின் தொண்டையை ஒரு மென்பொருளில் வார்த்தெடுத்து அவர் பெயரையே அதற்கு ஒட்டுவதை அஞ்சலி என்று என்னால் ஏற்க முடியாது. அது அவமதிப்பு.

சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பீர்கள் என்று தெரியும். நியாயமான கேள்விதான், அதனால் நின்று பதில் சொல்கிறேன். 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகருக்கு அருகே மோனோனா ஏரியில் விமானம் விழுந்து ஓடிஸ் இறந்தார். வயது 26. அதற்குச் சில நாட்கள் முன்புதான் மெம்பிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ‘டாக் ஆஃப் த பே’ பாட்டைப் பதிவுசெய்திருந்தார். ஸ்டீவ் கிராப்பர் அதைக் கலந்து முடித்துக் கொடுத்தார். 1968 ஜனவரியில் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பாடகர் இறந்த பிறகு வெளியாகி அங்கே முதலிடத்துக்குப் போன முதல் பாட்டு அதுதான். அதை வெளியிடாமல் விட்டிருந்தால் உலகத்துக்கு இழப்பு; மறுக்கவே மாட்டேன்.

ஆனால் கிராப்பர் யார்? அந்தப் பாட்டை ஓடிஸோடு உட்கார்ந்து எழுதியவர். பதிவின்போது கூடவே கிட்டார் வாசித்தவர். நண்பனைப் பறிகொடுத்த நிலையில் அவர் செய்தது அலையோசையையும் கடற்பறவைகளின் குரலையும் சேர்த்ததுதான். கடைசியில் ஓடிஸ் சீட்டியடிக்கும் இடம் இருக்கிறதே, அதை அப்படியே விட்டார். அங்கே வேறு யாரையும் பாடவைத்து நிரப்பவில்லை. பாடகர் பாடி முடித்த பாட்டுக்கு மேல்பூச்சுப் பூசுவது வேறு. பாடாததைப் பாடியதாகக் காட்டுவது வேறு. இன்னொரு சோல் பாடகர் மார்வின் கே இறந்த மறு ஆண்டே, 1985-இல், அவருடைய பழைய பதிவுகளைத் தேடியெடுத்து இசை கூட்டி ஓர் ஆல்பமாக விற்றார்கள். அவருடைய ஆகச் சிறந்த வேலைகளில் ஒன்றென்று அதை இன்று யாரும் எடுத்துவைப்பதில்லை.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. மறைந்த பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ் பாடிவைத்திருந்த மாதிரிப் பதிவுகளை அழித்துவிட்டோம், எனக்குப் பின்னால் வருபவர்கள் யாரும் அதைத் தொடக்கூடாது என்று யூனிவர்சல் நிறுவனத்தின் பிரிட்டன் தலைவராக இருந்த டேவிட் ஜோசப் 2015-இல் சொன்னார். அவருடைய எண்ணம் புரிகிறது. என்றாலும் அழிப்பது எனக்கு உடன்பாடில்லை. டி’ஏஞ்சலோவின் நாடாக்கள் ஓர் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கட்டும். அந்த அடுக்குகளைப் பிரித்துக் கேட்டுப் படிக்க நாளை ஓர் இசை மாணவர் வருவார். காலப்போக்கில் குடும்பத்தார் தாமாகவே வெளியிட விரும்பினால், அவர் விட்ட நிலையிலேயே வெளியிடட்டும்: பாதியில் நின்றால் பாதியோடு, எந்த ஆண்டுப் பதிவு, யார் யார் வாசித்தார்கள் என்ற விவரங்களோடு, ஒட்டுப்போடாமல். அப்படி வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன். அதை முடிவுசெய்யும் உரிமையும் அவகாசமும் அவர்களுக்கே உரியவை.

மூன்றே மூன்று ஆல்பங்கள்தானா என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த மூன்றும் வந்த விதத்தைப் பாருங்கள். ‘வூடூ’வுக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஜனவரியில், ஸ்டாக்ஹோமில் அவர் மீண்டும் மேடையேறினார்; அதுவும் ஒரு பெந்தெகொஸ்தே தேவாலயத்தில். மூன்றாவது ஆல்பத்தை 2015-இல் வெளியிடுவதாகத்தான் திட்டம். பெர்குசனில் கறுப்பின இளைஞர் மைக்கேல் பிரவுனைச் சுட்ட காவலர்மீதும் நியூயார்க்கில் கறுப்பினத்தவரான எரிக் கார்னரின் கழுத்தை நெரித்த காவலர்மீதும் வழக்கே இல்லை என்று நடுவர் குழுக்கள் அடுத்தடுத்துக் கைவிரித்த நேரத்தில், காத்திருக்க முடியாது என்று 2014 டிசம்பர் நடுவில் அதை வெளியே கொண்டுவந்தார். பதினான்கு ஆண்டுகள் அவசரப்படாதவர், தேவைப்பட்ட வாரத்தில் அவசரப்பட்டார். எப்போது கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதன் பிறகும் ஒரு வீடியோ கேமுக்காக ஒரு பாட்டு, 2024-இல் ராப் பாடகர் ஜே-ஸியோடு ஒன்று என்று தோன்றியபோது கொடுத்தார்.

செய்ய ஏதாவது வேண்டும் என்று கை பரபரத்தால், செய்ய நிறைய இருக்கிறது. மூன்று ஆல்பங்களையும் விலை கொடுத்து வாங்குங்கள். ராய் ஹார்குரோவ் 2018-இல் போய்விட்டார். அவருடைய சொந்த ஆல்பங்களைத் தேடிக் கேளுங்கள். தன் இசையை நியோ-சோல் (புதுவகை சோல்) என்று தானே எப்போதும் அழைத்ததில்லை, தான் செய்வது கறுப்பின இசை என்று டி’ஏஞ்சலோ ஒரு நேர்காணலில் சொன்னார். அந்த மரபில் அவருக்கு முன் வந்தவர்களைக் கேளுங்கள்.

பாடகி ஏஞ்சி ஸ்டோனையும் கேளுங்கள். முதல் இரண்டு ஆல்பங்களிலும் டி’ஏஞ்சலோவோடு சேர்ந்து பாட்டு எழுதியவர், அவருடைய மூத்த மகனின் தாய். 2025 மார்ச் 1 அன்று, கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் அலபாமாவில் நடந்த சாலை விபத்தில் இறந்தார். அக்டோபரில் தந்தையும் போனார். ஒரே ஆண்டில் தாயையும் தகப்பனையும் பறிகொடுத்த அந்த மகனிடம்தான் நம்மில் சிலர் இப்போது போய், ஆல்பம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அதை இன்றே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்