மடங்காத காலுக்கு எந்த மாநிலம்?

எங்கள் பஞ்சாயத்துச் செயலாளர் அவர்களுக்கும், பென்ஷன் மனுக்களைப் பரிசீலிக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் பதில் வந்து சேர்ந்தது. என் ஊனமுற்றோர் பென்ஷன் மனு இரண்டாம் முறையாகத் தள்ளுபடி. காரணம் ஒரே வரி: சான்றிதழ் 'அன்ய சம்ஸ்தான'த்தில் வாங்கியது. மலையாளத்தில் அதற்கு வேறு மாநிலம் என்றுதான் அர்த்தம், தெரியும். கேரளத்து இந்த ஏலமலையில் பிறந்து 51 வயது ஆனவனுக்கு அந்த அளவு மலையாளம் வரும். இருந்தாலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த கண்ணுக்கு 'அந்நிய' என்று படும்போது சுருக்கென்கிறது.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 2019 மே மாதம், மழைக்கு முன்னால் நிழல் மரம் கவாத்து செய்தபோது பலா மரத்திலிருந்து விழுந்தேன். வலது முழங்கால் நொறுங்கிப்போனது. தோட்டத்து ஜீப் போடிமெட்டு வழியாக 17 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி என்னைத் தேனியில் சேர்த்தது. பின்சீட்டில் கத்திக்கொண்டு கிடந்தவனுக்கு எந்த மாநிலத்து ஆஸ்பத்திரி என்று கேட்கத் தோன்றவில்லை, மன்னிக்க வேண்டும். அங்கேதான் பிளேட் வைத்தார்கள். கால் இனி மடங்காது என்று ஆன பிறகு, 2021இல் அங்கேதான் 45 சதவீதம் ஊனம் என்று சான்றிதழும் கொடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் யுடிஐடி அடையாள அட்டையும் வந்தது. நம் மாநிலத்தில் இந்தப் பென்ஷனுக்கு 40 சதவீதம் போதும்.

முதல் முறை தள்ளுபடி செய்தபோது, "இங்கே மெடிக்கல் போர்டில் காட்டி வாங்கி வாருங்கள்" என்று, ஊனத்தைப் பார்த்துச் சான்றிதழ் தரும் டாக்டர்கள் குழுவிடம் போகச் சொன்னீர்கள். சரி, போனேன். அந்தப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் குடியிருக்கும் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, அதாவது லயத்திலிருந்து, பஸ் வரும் இடத்துக்கு ட்ரிப் ஜீப்தான். ஒரு சீட்டில் ஒன்றரை ஆளைத் திணிப்பது அங்கே வழக்கம். என் கால் நீட்டியபடியே இருப்பதால் எனக்கு மட்டும் இரண்டு சீட்டுக் காசு. டிரைவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் டீசல் போட வேண்டும். துணைக்கு மச்சான் வந்தால் மூன்று சீட்டு. அப்புறம் பஸ். நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து காலை வெளியே நீட்டினால் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். வாழைத்தார் வைத்திருந்த ஒருவர் அதை என் பாதத்தின் மேலேயே இறக்கிவிட்டார். கண்டக்டர் வந்து, "சேட்டா, கால் ஒந்நு மடக்கு" என்றார். மடங்கினால் நான் ஏன் அந்த பஸ்ஸில் ஏறப் போகிறேன்?

போர்டில் அன்று எலும்பு டாக்டர் லீவு. அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அடுத்த மாதமும் போனேன், அன்று போர்டே கூடவில்லை. இரண்டு முறையும் என் வீட்டுக்காரி ஏலக்காய் எடுக்கப் போய்க் கொண்டுவந்த ஒரு வாரக் கூலி அப்படியே ஜீப்புக்கும் பஸ்ஸுக்கும் போனது.

நான் கேட்பது ஒன்றுதான்: கையில் இருக்கும் சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள். இது சலுகை அல்ல. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 58ஆவது பிரிவு, இந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்கிறது. அடுத்த வருடம் வந்த விதிகளில், குடியிருக்கும் மாவட்டத்தில் மட்டுமல்ல, சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. என் சான்றிதழில் சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்று எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஊர் பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள்.

என் ரேஷன் கார்டு கேரளம். வாக்காளர் அட்டை கேரளம். குடியிருப்புச் சான்று இங்குள்ள வில்லேஜ் ஆபீஸ் கொடுத்தது. முழங்காலுக்குள் இருக்கும் பிளேட் ஒன்றுதான் தமிழ்நாடு. அதைக் கழற்றி செக்போஸ்டில் கொடுத்துவிட்டு வந்தால் மனு பாஸாகுமா? நான் எடுத்து, நான் சுமந்த ஏலக்காய் இங்கே கேரளத்துப் புத்தடியிலும் ஏலம் போகிறது, மலை இறங்கிப் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. எந்த மாநிலத்துக் காய் என்று அங்கே யாரும் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. காயின் நிறத்தைப் பார்க்கிறார்கள், பருமனைப் பார்க்கிறார்கள், விலை சொல்கிறார்கள். என் காலையும் அப்படி ஒரு தடவை பார்த்திருக்கலாம். உங்கள் அலுவலக பெஞ்சில் இரண்டு மணி நேரம் நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், யாரும் குனிந்து பார்க்கவில்லை.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் வேலை அதிகம், ஆள் குறைவு என்பது எனக்கும் தெரியும். 2025 நவம்பரிலிருந்து பென்ஷன் 2000 ரூபாய் ஆனதும் கூட்டமும் கூடியிருக்கும். அந்த 2000 எங்கள் வீட்டில் அரிசிக்கும் என் மாத்திரைக்கும் ஆகும். ஆகவே தயவுசெய்து மனுவை மறுபடி எடுத்து, தேனிச் சான்றிதழை ஏற்று முடிவு செய்யுங்கள்.

இன்னொரு சின்ன விண்ணப்பம். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்பது 1969ஆம் வருடக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே வந்த ஏற்பாடு. மலையாளக் கடிதத்தை என் வீட்டுக்காரி படிக்க முடியாமல் பக்கத்து லயத்துப் பையன் வரும்வரை கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

இல்லை, போர்டுக்குத்தான் போயாக வேண்டும் என்று முடிவானால், எலும்பு டாக்டர் இருக்கும் நாளாக விசாரித்து இரண்டு நாள் முன்னால் தகவல் சொல்லுங்கள். ஜீப்பில் இரண்டு சீட்டு முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளி