புயலில் நின்ற கூரையைப் போட்டது யார் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஐப்பசி பிறந்து காற்று திசை மாறினாலே 2018 நவம்பர் 16 விடியற்காலை வந்த கஜா புயல்தான் பேச்சில் வரும். தென்னை போனதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கூரை போன வீடுகளில், அதைத் திரும்பப் போட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் ஜனங்கள் பட்ட பாடு அவ்வளவாக வெளியே வரவில்லை. அடுத்த புயலுக்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

காற்று ஓய்ந்த கையோடு வெளியூர் வண்டிகள் வரும். கூரைத் தகரச் சீட்டுக்குத் தட்டுப்பாடு, நாளைக்கு விலை ஏறிவிடும், இன்றைக்கே பாதிப் பணம் கொடுத்தால்தான் சரக்கு எடுக்க முடியும் என்பார்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு நனைந்த வீட்டில் நிற்பவர் என்ன செய்வார், கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் அப்படிக் கொடுத்த ஒருவருக்கு ஆளும் வரவில்லை, பணமும் வரவில்லை. முதலில் ஒரு நல்ல தார்ப்பாய் வாங்கி இழுத்துக் கட்டிவிடுங்கள், அது கொஞ்ச நாள் தாங்கும், அந்த அவகாசத்தில் நிதானமாக ஆள் பார்க்கலாம். சேதத்தை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து விஏஓவிடம் சொல்லிவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் சர்வேயர் வந்து பார்க்கும் வரை பழையதைக் கழற்ற வேண்டாம்.

சரி, யாரை நம்புவது? ஊரை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அதே காற்றில் ஒரு சீட்டுகூடப் பெயராத வீடு எந்தத் தெருவிலும் ஒன்றிரண்டு இருக்கும், அந்த வீட்டுக்காரரிடம் போய் இதை யார் போட்டது என்று கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறைக்காரராகவோ ஆசாரியாகவோ இருப்பார். அவருக்கு நாலு இடத்தில் வேலை இருக்கும், உடனே வரமாட்டார், காத்திருக்கலாம். அடுத்த வருஷம் ஒழுகினாலும் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட முடியும், வெளியூர் வண்டிக்காரரை எங்கே போய்த் தேடுவது?

ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் ஸ்க்ரூ எப்படிப் போடுவீர்கள்? புயல் காற்று கூரையை மேலே தூக்கித்தான் பிய்க்கிறது, ஓரமும் மூலையும்தான் முதலில் கிளம்பும். அதனால் அங்கே நெருக்கமாகப் போட வேண்டும், ரப்பர் வாஷரோடு போட வேண்டும், கீழே உள்ள பைப் சட்டத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். இதைத் தானாகவே எடுத்துச் சொல்பவருக்கு வேலை தெரியும். எல்லா இடமும் ஒரே அளவுதான் என்று சொல்பவரை விட்டுவிடுங்கள், ரேட் எவ்வளவு குறைவாகச் சொன்னாலும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைச் சுத்தியலால் உடைத்துத் தள்ளுகிறவரையும் வேண்டாம் என்பேன், அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து முழுசாகக் கழற்றத்தான் வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை, சீட்டையும் பைப்பையும் முடிந்தவரை நீங்களே கடைக்குப் போய் உங்கள் பெயரில் பில் போட்டு வாங்குங்கள், கூலியை மட்டும் வேலை நகர நகரக் கொடுங்கள், கடைசிப் பங்கை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு. 0.50 மி.மீ. சீட்டு என்று பேசிவிட்டு 0.35 கொண்டுவந்து இறக்குவது நடக்கிறது, கண்ணால் பார்த்தால் தெரியாது. எனவே சீட்டின் கனம், பைப்பின் அளவு, மொத்தத் தொகை, முடிக்கும் தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் அந்தத் தாள் கையில் இல்லாமல் அங்கே போய் நிற்பது மிகவும் கஷ்டம்.

இதையெல்லாம் கூரை இழந்தவர் தலையிலேயே கட்டிவிடுவதும் நியாயமில்லை. மழைக்கு முன்னால் மாவட்டந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடத்துகிறார்கள், மணல் மூட்டையும் படகும் மர அறுவை இயந்திரமும் கணக்கெடுக்கிறார்கள். அதோடு ஒன்றியம்வாரியாகக் கூரை வேலை தெரிந்த உள்ளூர் ஆட்களின் பட்டியலையும், அன்றைய சீட்டு விலையையும், சதுர அடிக்கு இன்ன கூலி என்பதையும் புயல் கடந்த மறுநாளே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லலாமே. புயலைத் தாங்கும்படி சீட்டுப் போடுவதை ஐடிஐகளில் நம் ஊர் வெல்டர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சியாகவே கொடுக்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகை, புதுக்கோட்டை ஆட்சியர்கள் இந்த ஆண்டே இதைத் தொடங்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டுக்கோட்டை.