ஐம்பது பேர் சொன்னால் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு முதற்பக்கத்தில் "தமிழ் மக்களுக்கு இனி அரசியல் தீர்வு முக்கியமல்ல: கருத்துக்கணிப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தீர்கள். நல்லது. எங்களுக்கு எது முக்கியம் என்பதை இனி உங்கள் பேப்பரைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம்.

செய்தியைக் கடைசி வரி வரை வாசித்தேன். எத்தனை பேரிடம் கேட்டார்கள், அதில் வடக்கில் எத்தனை பேர், ஒன்றும் இல்லை. இப்படியான கணிப்புகளில் பெரும்பாலும் நாடு முழுக்க ஆயிரம் பேர் அளவில்தான் கேட்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி வட மாகாணம் நாட்டுச் சனத்தொகையில் 5 வீதம் சொச்சம், ஆகவே சனத்தொகைப்படி பிரித்தால் ஐந்து மாவட்டங்களுக்கும் சேர்த்து ஐம்பது பேர், யாழ்ப்பாணத்துக்கு முப்பதுகூட வராது. ஆயிரம் பேரில் கூடக்குறைய 3 வீதமாக இருக்கும் கணிப்புப் பிழை ஐம்பது பேரில் 14 வீதத்துக்குப் போய்விடும். சிலர் வடக்கு கிழக்கில் வேண்டுமென்றே கூடுதலான ஆட்களைக் கேட்டுப் பிறகு கணக்கைச் சரிசெய்வார்கள். அப்படிச் செய்திருந்தால் அதையாவது எழுதியிருக்கலாமே.

கேட்கிற விதம் இன்னொரு கூத்து. எங்கள் வீட்டுக்கும் ஒருமுறை படிவத்தோடு ஒருவர் வந்தார். மாமிதான் கதைத்தார். பாதுகாப்பு நிலைமை திருப்தியா? "ஓம் தம்பி, திருப்தி." அரசாங்கம்? "அதுவும் பரவாயில்லை." அந்தப் பெடியன் படலையைத் தாண்டின பிறகுதான், வலிகாமம் வடக்கில் ஆமி இன்னும் விடாத தன் காணியில் தொடங்கி கரண்ட் பில் வரைக்கும் மாமி பொரிந்து தள்ளினார். ஆமி வீடு வீடாக வந்து குடும்பத்தை நிறுத்திப் படமெடுத்துப் பதிந்த காலத்தைக் கண்ட மனுசி, முகந்தெரியாத ஆளுக்கு வேறென்ன சொல்லும்? ஆனால் உங்கள் கணக்கில் அவர் "திருப்தி".

2024 நவம்பரிலும் இதே கதைதான். யாழ். தேர்தல் மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி 6 ஆசனங்களில் 3ஐ எடுத்ததும் "யாழ்ப்பாணம் மாறிவிட்டது" என்று ஊரெல்லாம் எழுதினார்கள். அவர்களுக்கு விழுந்த வாக்கு கால்வாசிதான் என்பதையும், இரண்டு மாதம் முன் சனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் இரண்டாவதாக வந்ததையும் தேசிய மக்கள் சக்தியின் அநுரவுக்கு 10 வீதம்கூடக் கிடைக்காததையும் எத்தனை பேர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்?

சனம் வாய்திறந்து சொன்னதும் உண்டு. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிக் கருத்துக் கேட்ட செயலணிக்கு 7,306 சமர்ப்பணங்கள் போயின. அறிக்கை 2017 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. பிறகு அது என்னவானது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கேட்பது இவ்வளவுதான். அடுத்தமுறை கருத்துக்கணிப்புச் செய்தி போட்டால், மொத்தம் எத்தனை பேர், வடக்கில் எத்தனை பேர், எந்த மொழியில் கேட்டது, போனிலா நேரிலா, செலவு யாருடையது என்று கீழே இரண்டு வரி போடுங்கள். இடமில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம், இராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் ஒரு மூலை போதும்.

நெடுநாள் வாசகி,
கொக்குவில்