ஷிப்ட் மாறும்போது 15 நிமிடம் கொடுங்கள்: கோவைப் பட்டறை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும் வணக்கம்.

பம்ப் ஷாஃப்ட் லைனில் காலை ஷிப்ட் பையன் ஓட்டிய ஜாப், அதாவது மிஷினில் கடைந்த உருப்படி, மொத்தமும் ரிஜெக்ட் ஆன விவரம் உங்களுக்குத் தெரியும். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதை அறுக்கிறது. அந்தப் பையனுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தம். அதே மிஷினை முந்தைய இரவு ஓட்டிய நைட் ஷிப்ட் அண்ணனுக்கு மெமோ. அடுத்த வாரம் எல்லோரையும் உட்கார வைத்து, ‘தலைமுறை இடைவெளி’ என்று அரை நாள் வகுப்பு. மூத்தவர்கள் புதியதைக் கண்டு பயப்படுவார்களாம், இளையவர்களுக்குப் பொறுமை கிடையாதாம். ஷாஃப்ட் ஏன் கெட்டது என்று அங்கே யாரும் பேசவில்லை.

அது கெட்ட விதம் இதுதான். ஷாஃப்டில் பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடத்துக்கு டிராயிங்கில் கே6 என்ற அளவு வரம்பு போட்டிருக்கிறது. 25.002-லிருந்து 25.015 வரை, மொத்தமே 13 மைக்ரான் இடம்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் சரியாக விழாமல் ஷாஃப்ட் 20 டிகிரி சூடேறி வெளியே வந்தால், அந்தத் தடிமனில் இரும்பு ஏறக்குறைய 6 மைக்ரான் விரிந்திருக்கும். உள்ள இடத்தில் பாதியைச் சூடே தின்றுவிடும். நைட் ஷிப்ட் அண்ணனுக்கு இது கைப்பழக்கம். மிஷின் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் ‘சூடு – 25.014’ என்று எழுதி வைத்திருந்தார். சூட்டில் 25.014 காட்டினால் ஆறியபின் 25.008-ல் நிற்கும் என்று அதற்குப் பொருள். ஆடிட் வருகிறது, மிஷின் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அந்த எழுத்தைத் துடைக்கச் சொன்னது நிர்வாகம். காலையில் வந்த பையன் சூட்டோடு அளந்தான், 25.007. டிராயிங்படி அது நல்ல ஜாப். மத்தியானம் ஆறியபின் இன்ஸ்பெக்‌ஷனில் 25.001. அவ்வளவும் ஸ்கிராப்.

இதில் பையனின் பொறுமையின்மை எங்கே வந்தது? அண்ணனின் பயம் எங்கே வந்தது? இருவரும் சந்தித்துக்கொள்வது வருகை பதியும் பஞ்சிங் மிஷின் முன்னால் இரண்டு நிமிடம். ஒருவர் வெளியே போகிறார், ஒருவர் உள்ளே வருகிறார். “எல்லாம் ஓகேங்களா?” “ஓகே தம்பி.” அவ்வளவுதான் பேச்சு.

எதிர்ப்பக்கமும் நடக்கிறது; பையனுக்குத் தெரிந்தது அண்ணனுக்குப் போய்ச் சேர்வதில்லை. மிஷினை ஓட்டும் ஃபானுக் கணினிக் கண்ட்ரோலில் வேர் ஆஃப்செட்டை, அதாவது டூல் தேய்வுக்கு ஈடுகட்டும் எண்ணை, மாற்றும்போது ‘இன்புட்’ அழுத்தினால் பழைய எண் போய்ப் புது எண் உட்காரும். ‘பிளஸ் இன்புட்’ அழுத்தினால்தான் பழையதோடு சேரும். ஏற்கனவே 0.080 இருக்கும் இடத்தில் 0.010 குறைக்க நினைத்து -0.010 அடித்து வெறும் இன்புட் அழுத்திவிட்டால், 0.010-க்குப் பதில் 0.090 குறைந்து டூல் அந்த அளவுக்கு உள்ளே இறங்கிவிடும். புள்ளி வைக்காமல் 1 என்று அடித்தால் சில மிஷினில் அது 1 மைக்ரான், செட்டிங் வேறாக உள்ள மிஷினில் முழு 1 மில்லிமீட்டர். பையன்கள் இதை ஐ.டி.ஐ.யிலேயே விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். கை லேத்தில் முப்பது வருஷம் ஓட்டியவருக்கு ஒரு தடவை பக்கத்தில் நின்று காட்டினால் போதும். நிற்கத்தான் நேரம் இல்லை.

ஆகவே கேட்பது ஒன்றே ஒன்று: ஷிப்ட் மாறும்போது 15 நிமிடம், இருவரும் ஒரே மிஷின் முன்னால், சம்பளத்தோடு.

அந்த 15 நிமிடத்தில் செய்ய வேண்டியதும் தெளிவானதுதான். முதலில் 25-லிருந்து 50 மி.மீ. வரை அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியை அதன் 25 மி.மீ. அளவுக்கட்டையில் வைத்து இருவரும் ஜீரோ பார்க்க வேண்டும். அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் ராட்செட் குமிழைத் திருப்பாமல் கையால் இறுக்குகிறவருக்கும் ராட்செட்டில் நிறுத்துகிறவருக்கும் சில மைக்ரான் வித்தியாசம் வரும். 13 மைக்ரான் வேலையில் அது பெரிய வித்தியாசம். பிறகு சூடான ஜாப் ஒன்று, ஒரு மணி நேரம் ஆறிய ஜாப் ஒன்று, இரண்டையும் இருவரும் அளந்து, ஆஃப்செட் பக்கத்தில் உள்ள எண்களோடு சேர்த்து மிஷினில் தொங்கும் நோட்டில் எழுத வேண்டும். டூலில் பொருத்தும் வெட்டுத் துண்டான இன்சர்ட்டில் எந்த முனை ஓடுகிறது, எத்தனை ஜாப் ஆயிற்று என்பதும் அதில் ஏற வேண்டும். புஷ் என்ற மெல்லிய குழாய் உருப்படி ஓடினால், அதைப் பிடிக்கும் சக்கின் பிரஷரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரஷர் கூடினால் சக்கின் மூன்று ஜா, அதாவது பிடிக்கும் தாடைகள், பிடித்த இடத்தில் புஷ் அமுங்கி, கழற்றியபின் துளை முக்கோணச் சாயலுக்கு வந்துவிடும். எதிரெதிர் இரண்டு புள்ளியில் அளந்தால் அது தெரியவே தெரியாது. அசெம்பிளியில்தான் மானம் போகும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ‘மூத்தவர்கள் எதையும் சொல்லித் தருவதில்லை’ என்கிறீர்கள். அப்ரன்டிஸ் பையன்களை ஒரு வருஷம் வைத்திருந்து அனுப்பிவிட்டு, அடுத்த வருஷம் வேறு பையன்களைக் கொண்டுவந்து நிறுத்தினால், ஒவ்வொரு வருஷமும் முதலிலிருந்து சொல்லித் தர யாருக்கு மனம் வரும்? சொல்லிக் கொடுத்தபின் ‘அந்தப் பையனே போதும், நீங்கள் பர் எடுக்கப் போங்கள்’ என்று, ஓரப் பிசிறு நீக்கும் வேலைக்குத் தள்ளி, அனுபவசாலியை ஓரங்கட்டினால், அடுத்தவர் வாயைத் திறப்பாரா? பையன்கள் ஆஃப்செட் பக்கத்தை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். போனைத் தடை செய்தீர்கள். ஆபத்து கருதி அது சரியே. ஆனால் பதிலுக்கு ஒரு நோட்டும் கொடுக்கவில்லை. சாக்பீஸையும் துடைத்துவிட்டீர்கள். இருவர் கையிலிருந்த வழியையும் அடைத்தது இவர்கள் வயசு அல்ல, ஐயா.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷிப்ட் ஓடும் மிஷினுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை 15 நிமிடம். மிகைநேரம் என்று இரட்டைக் கூலியே கொடுத்தாலும், ஒரு ஷிப்ட் ஷாஃப்ட் ஸ்கிராப் ஆவதோடு அதை வைத்துப் பாருங்கள். கணக்கு உங்களுக்கு எங்களைவிட நன்றாக வரும்.

அடுத்த சம்பள மாதத்திலிருந்து ஒரே ஒரு மிஷினில் தொடங்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். 15 நிமிடம், சம்பளத்தோடு. அதுவரை, ஆடிட்டுக்கு முன் கதவைத் துடைக்க ஆள் அனுப்பினால், அதில் எழுதியிருப்பதை நோட்டில் ஏற்றிவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறைகளில் செட்டிங் வேலை பார்ப்பவர்கள்