இழிவும் அல்ல, ரத்தும் அல்ல

ஆசிரியருக்கு,

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 'இச்சட்டம் பிற சட்டங்களை இழிவுபடுத்தாது' என்று அச்சாகியிருந்தது. 2019-ம் ஆண்டுச் சட்டத்தின் 100-வது பிரிவில் உள்ள 'டெரொகேஷன்' என்ற சொல்லுக்கு, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டதால் வந்த வினை.

ஆளைப் பற்றிய பேச்சில் அந்தச் சொல் இகழ்ச்சி. சட்டத்தைப் பற்றிய பேச்சில், அதில் ஒரு பங்கைக் கழிப்பது. வேர் லத்தீன் 'ரொகாரே', அதாவது கேட்டல். ரோமில் மக்கள் சபையைக் கேட்டே சட்டம் இயற்றினார்கள். சட்டத்தில் ஒரு பகுதியை எடுத்தால் டெரொகேஷன், அடியோடு எடுத்தால் அப்ரொகேஷன் என்று பிரித்துக் காட்டினார் 3-ம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் மொடெஸ்டினஸ். ஒருவரின் மதிப்பில் ஒரு பங்கைக் கழிப்பதும் அதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது.

'ரத்து செய்யாது' என்று மாற்றினாலும் தவறே. ரத்து முழுமையானது, இங்கே சொல்வது, சிறிதளவும் குறைக்காது என்பது. வீடு கட்டித் தராத நிறுவனத்தின் மீது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் வழி இருந்தாலும், வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது. உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் இதை உறுதிசெய்தது. 'இழிவு' என்று படித்தவருக்கு இந்த இரண்டாவது வழி இருப்பதே தெரியாது. புகார் கொடுக்க இருக்கும் 2 ஆண்டுக் கெடுவும் ஓடிவிடும்.

பகுதி நீக்கத்துக்கு நம் பக்கத்து உதாரணம் எருது விடும் விழா. (இங்கே காளையை அடக்குவதில்லை, ஓடவிட்டு நொடிக் கணக்குப் பார்ப்பதுதான்.) 2017-ல் தமிழ்நாடு செய்த திருத்தம், 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஜல்லிக்கட்டு என்பதற்குள் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா மூன்றையும் சேர்த்து, ஜனவரி முதல் மே வரை அறிவிக்கப்படும் நாட்களிலும் இடங்களிலும் நடப்பவற்றுக்கு மட்டும் விலக்கு தந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றதால் இம்மாநிலத்தில் மத்தியச் சட்டத்துக்கு மேலாக நிற்கிறது. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் ஏற்றது. வண்டிமாட்டைப் போட்டு அடித்தால் மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு இன்றும் பாயும். அதனால் 'சட்டம் ரத்து' என்று தலைப்பிட்டால் அதுவும் பிழை.

மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்துச் சொல்லைப் பார்த்தால் போதும். 'டெரொகேட்' என்பதை அடுத்து 'ஃப்ரம்' வந்தால் குறைத்தல் அல்லது விலகுதல். 'டெரொகேட்டரி' என்பது பேச்சுக்கோ பெயருக்கோ முன்னால் நின்றால் இழிவு.

திருத்தம் வெளியிடுவதானால் இப்படிப் போடலாம்: 'இச்சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானது, அவற்றில் எதையும் குறைப்பதல்ல.'

வாசகர் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்